பூட்டிக் கிடந்த வீடுகளின் செடிகள்

அவருக்குத் தொழில் வீடு இடிப்பது. இருபத்திரண்டு வருடம் ஒரே ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர். தெருவில் 'கடப்பாரை' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்து வருவார். ஆள் என்னவோ ஒல்லி, அதிர்ந்து பேசாதவர்.

சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியது. மனைவி தையல்காரர். அந்தப் பக்கத்து ஜன்னலடியில்தான் மிஷின். நிமிர்ந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மனைவியே நர்சரியிலிருந்து புல்தரையும் கலர் கலராகப் பூச்செடிகளும் வாங்கி வைத்தார். முதல் கோடையிலேயே புல் வைக்கோலானது. அடுத்தடுத்த வருடங்களில் வைத்தவையும் நிற்கவில்லை.

"ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன். ஒண்ணாவது தங்குதா பாருங்க" என்றார் மனைவி.

அந்த வாரம் கடப்பாரை, ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை இடிக்கப் போனார். ஓடு சரிந்து, குழாயெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் கொல்லையில் ஒரு நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. வேலியோரம் ஆள் உயரத்துக்கு நொச்சி. சுவர் வெடிப்பில் சங்குப்பூக்கொடி. இயந்திரம் ஓட்டுபவரை நிறுத்தச் சொன்னார்.

"என்னண்ணே, பாம்பா?"

"இல்லப்பா, செடி."

"நல்லா நிறுத்தினீங்க போங்க. நான் பயந்தே போயிட்டேன்."

அதன்பின் எந்த வீடானாலும் முதல் நாளே போய்க் கொல்லையைச் சுற்றிவந்தார். பூட்டி எத்தனை வருடம் என்று கேட்பார். ஐந்துக்குக் குறைவென்றால் செடியைத் தொட மாட்டார். எப்போதோ யாரோ நட்டதா, இந்த மண்ணில் தானாக முளைத்ததா என்பதெல்லாம் பிறகு. ஆள் பார்க்காமல் பிழைத்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து வீடுகளில் பெயர் விசாரித்து ஒரு டைரியில் எழுதிக்கொண்டார்.

அப்படிப் பதினொரு செடிகள் வேரோடு வீடு வந்தன. எட்டு செத்தன.

"வீட்டைத்தான் இடிக்கிறீங்கன்னு பார்த்தா, செடியையுமா?" என்றார் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை பட்டுப்போன நந்தியாவட்டையின் வேரைப் பார்க்கலாம் என்று தோண்டினார். ஒரு முழம் போவதற்குள் ஓட்டுச் சில்லு, காரைக்கட்டி, உடைந்த செங்கல். அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீடு கட்டும்போது பள்ளமான இடத்தை மேடாக்க, இடித்த வீட்டுக் குப்பையை லாரி லாரியாகக் கொட்டியவர் அவரேதான்.

உள்ளே போய்ச் சொன்னார்.

"அப்போ நான் வெச்ச புல்லு?"

"அதுவும் இதனாலதான் போச்சு."

மிஷின் நின்றது. "நாலு வருஷமா என் கைராசி சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மனைவி. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மூன்று மாதம் ஞாயிறுதோறும் தோண்டினார்கள். அவர் வெட்டிப்போட, மனைவி சல்லடையில் சலித்தார். மேற்குச் சுவரை ஒட்டி மட்டும் அஸ்திவாரத்துக்குப் பயந்து விட்டுவிட்டார்கள்; அங்கே வெடிப்பில் வளர்ந்து பழகிய கொடிகளை மட்டும் வைத்தார். இப்போது செடியோடு அது நின்ற மண்ணையும் சாக்கில் அள்ளி வந்தார். பாதிக்குக் கிளை கழித்து, மழை தொடங்கும்போது நட்டார்.

புதிதாக நட்ட பதினாலில் ஒன்பது பிடித்தன. பவழமல்லி மூன்று முறை வைத்தும் வரவில்லை. நொச்சி ஜன்னலை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் அதை அவர் மனைவியின் துணி வெட்டும் கத்தரியால் கழித்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி கத்தரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கடப்பாரை வேலையிலிருந்து நின்று இரண்டு வருடமாகிறது. துணி தைக்கக் கொடுக்க வருபவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கிளை கேட்கிறார்கள். மனைவி ஒடித்துக் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்கிறார்:

"உங்க வீட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்தீங்களா?"