சிவதாணு அத்தான் பொன்முடி ஏறினாரா?

போன மாதம் இரண்டாம் ஞாயிறன்று என் அக்கா செண்பகத்தின் கணவர், அதாவது சிவதாணு அத்தான், திருவனந்தபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் பொன்முடி உச்சிக்குப் போய்விட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. விபத்துக் காப்பீடு கேட்டு வருபவர்கள் சொல்வது உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

விஷயம் வெறும் பெருமையடித்தல் என்றால் விட்டிருப்பேன். போன வருடம்தான் அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. பொன்முடி ஏறி வந்த மறுநாள் அவர், "மலையே ஏறியாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று டப்பாவை மூடி வைத்துவிட்டார். அடுத்து இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். அக்காவோ வருகிறவர்களிடமெல்லாம் உச்சியில் எடுத்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவருடைய சைக்கிள் செயலியில் பதிவைத் திறந்து பார்த்தேன். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம். துடிப்பு ஏறிக்கொண்டே போய் பதிமூன்றாம் கொண்டை ஊசி வளைவில் நூற்று அறுபத்தெட்டு. அங்கே பத்தொன்பது நிமிடம் நின்றிருக்கிறார். அதன்பின் வேகம் இருபத்தாறு, துடிப்பு நூற்று நான்கு! செங்குத்து ஏற்றத்தில் வேகம் கூடக்கூடத் துடிப்பு குறைகிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஏதோ வண்டியில் ஏறியவர் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சைக்கிள்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஆனால் ஏன் ஏறினார்? களைப்பா, வேறு ஏதாவதா? அவரிடம் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவார். அதனால் நானே கிளம்பினேன்.

நகரத்தில் நட்சத்திர பங்களா என்று சொல்லும் பழைய வானாய்வகத்தின் வாசலில், அவர் தொடங்கிய அதே இடத்தில், அதிகாலை 4.45க்குத் தொடங்கினேன். நெடுமங்காடு 18 கிலோமீட்டர், 5.55. விதுரா 37 கிலோமீட்டர், 7.10. அங்கே புட்டு, கடலைக்கறி, ஒரு சாயா, எழுபது ரூபாய். இரண்டு ஏத்தன் வாழைப்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பழுக்க வைத்ததோ, தானாகப் பழுத்ததோ என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார்.

கல்லாறு 43 கிலோமீட்டர், 8.05. ஆற்றோரக் கடையில் இன்னொரு சாயா. காலையில் மேலே போகும் வண்டிகள் எவை என்று கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"பஸ் குறைவாக்கும் சாரே. பத்து மணி வாக்குல செல்வராஜ் எஸ்டேட்டுக்கு சாமான் கொண்டு போவான், ஜீப்பில. சைக்கிள் பஞ்சர் ஆனா அவன் ஜீப்பில கேற்றிக்குவான், பேடிக்கண்டாம்."

பேடி, அதாவது பயம், எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. சைக்கிளுக்காக அல்ல.

சோதனைச் சாவடியில் எட்டரைக்குத்தான் விட்டார்கள். நுழைவுச்சீட்டு எனக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து உச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர், இருபத்திரண்டு வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. முதல் ஆறு வளைவுகள் மர நிழலில் நல்ல பிள்ளைகள் போல இருந்தன. ஏழுக்கு மேல் தொடை கெஞ்சியது. பத்தில் இறங்கி நின்றேன். எனக்கு நாற்பத்தொரு வயது, நெஞ்சில் கோளாறு எதுவும் இல்லை. எனக்கே நாக்கு தள்ளுகிறது என்றால் ஐம்பத்தாறு வயது அத்தானுக்கு? அந்த எண்ணம் வந்த பிறகு அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் உற்சாகம் போய்விட்டது. நான் சந்தேகப்பட்டது தப்பாக இருக்கவேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

பதிமூன்றை 10.05க்கு அடைந்தேன். வளைவின் வெளிப்பக்கம் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். அதைப் படம் எடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன். காலுறையில் ஓர் அட்டை ஏறியிருந்தது, பிடுங்கிப் போட்டேன். பத்தே கால் தாண்டி ஜீப் வந்தது. கை காட்டினேன். ஓட்டுநர் செல்வராஜ் எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். போன மாதம் மஞ்சள் சைக்கிளில் வந்த ஒருவரை ஏற்றினீர்களா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

"நீங்க யாரு சாரே?"

"அவரு மச்சினன்."

செல்வராஜ் வண்டியை அணைத்தார். "பறயக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு சாரே. இதே சுவத்துலதான் சாஞ்சு இருந்தாரு. சட்டையெல்லாம் வேர்வை, கை நெஞ்சில. கீழ விதுரா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் எத்தனையோ சொல்லிப் பாத்தேன். 'மேல கொண்டு விடு, ஒரு போட்டோ மட்டும் எடுக்கணும்'ங்காரு. எனக்கு அன்னைக்கு உறக்கமே இல்ல, கேட்டோ. ஆளு இப்ப சுகமா இருக்காரா?"

"தெரியல," என்றேன். அதுதான் உண்மை.

என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டு மிதித்தேன். கோபம் வந்தால் எனக்குக் கால் வேகமாக வேலை செய்யும். உச்சியின் கண்காணிப்புக் கோபுரத்துக்கு 11.50க்குப் போய்ச் சேர்ந்தேன். மொத்தம் 59 கிலோமீட்டர். சுற்றிலும் பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சிக்னல் ஒரு கோடு இருந்தது. சுவரின் படத்தை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அத்தானுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அழைத்தார்.

"அக்காட்ட சொல்லிட்டியாடே?"

"இன்னும் சொல்லல. நாளைக்குக் காலையில டாக்டர்ட்ட நீங்களே சொல்லணும் அத்தான். நான் காரோட வாறேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பயமா இருந்துதுடே," என்றார். "பாதியில திரும்பி வந்தா செண்பகம் மறுபடியும் என்னைய நோயாளியா பாப்பா. அதான்."

அவரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். மாத்திரையை இன்றைக்கே போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் டாக்டர் பார்த்தார். இதயத்தின் இன்னொரு ரத்தக்குழாயில் அடைப்பு, அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். அக்கா இரண்டு நாள் அவரோடும் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாத்திரை டப்பாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிளம்புமுன் சாவடி திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கல்லாறுக்கு மேல் கடையை நம்பாமல் இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். இறக்கத்துக்கு பிரேக் கட்டை புதிதாக இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் நின்றுவிடுங்கள். ஜீப்பில் ஏறுவது தப்பில்லை, ஆனால் கீழே போகிற ஜீப்பில் ஏறுங்கள்.

இதை அத்தானுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பதிமூன்றாம் வளைவு வரைக்கும் தானே மிதித்து ஏறியதைத் தெளிவாக எழுதவேண்டுமாம். அவர் சொன்னார் என்பதற்காக எழுதிவிட முடியுமா? பதிவைத் திரும்பத் திறந்து ஒன்று முதல் பதிமூன்று வரை வளைவு வளைவாகப் பார்த்தேன். வேகமும் துடிப்பும் ஒத்துப்போகின்றன. ஏறியிருக்கிறார்.