ஏணி எங்கே தங்கியது

“ஏணி ராத்திரி எங்க தங்குச்சு?”

காலை ஏழரை மணிக்குப் பட்டறைக்குள் நுழைகிற ஒவ்வொருவனையும் எங்கள் கணக்கு எழுதுகிற பெண் இப்படித்தான் நிறுத்துகிறாள். சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

“வண்டியிலதாங்க.”

“வண்டி?”

“இந்தப் பக்கம்.”

“டிரில் மிஷினு?”

“அது என் பக்கத்துலயே படுத்துச்சு. குறட்டைகூட விட்டுச்சு, எழுதிக்குங்க.”

சிரிக்க மாட்டாள். எழுதிக்கொள்வாள்.

குளிர்க் கிடங்குகளுக்குக் கதவு மாட்டி, தேய்ந்த ரப்பரை மாற்றிக்கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. என்னையும் சேர்த்து மொத்தம் ஏழு ஆட்கள். பின்வாசலில் நின்றால் பாலம் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு வரி ஆபீஸ்; இந்த நாட்டில் கூலிக்கும் லாபத்துக்கும் மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி. வேலையோ இரண்டு பக்கமும். இவளுக்கு ஆட்கள் வைத்த பேர் ‘டோல்கேட்’. காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்கு இவள் என் சகலையின் தம்பி மகள். பெரியப்பா என்பாள். முதலாளி இவள் அக்காவைக் கட்டியவர். அந்த அக்கா கல்யாணத்தில் எட்டு வயசுப் பிள்ளையாக வாடகை நாற்காலிகளை எண்ணி, ஒன்று குறைகிறது என்று ஊரைக் கூட்டினாள். குறைந்த நாற்காலியில் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவன் நான்தான்.

தாளை வீணாக்குவது இவளுக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் எழுதின காகிதம் எது வந்தாலும், மறுபக்கத்தில் ஆட்களுக்குச் சீட்டு எழுதிவிடுவாள். யார், எங்கே, பாலத்துக்கு எந்தப் பக்கம். சாயங்காலம் சீட்டு திரும்பி வந்தால் கம்பியில் குத்திவிடுவாள். அக்கரையில் வேலைசெய்த நாளுக்கு உண்டான கூலி வரியைப் பிடித்து அக்கரை ஆபீசுக்கே அனுப்பிவந்தாள். ஒரு நாள் பிசகியதில்லை. ஆனால் போன வருஷம் வரை ஆட்களைத்தான் கேட்டாளே தவிர, பொருளைக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் பெரிய ஃபிட்டர் ஒரு பூட்டு வாங்கின பில்லை நீட்டினார்.

“பூட்டு எதுக்குண்ணே?”

“அக்கரையில என் தங்கச்சி வீட்டு ஷெட்டுக்கும்மா. நம்ம பெரிய ஏணி, நாப்பது சுருள் ரப்பர், பசை டின்னு எல்லாம் அங்கதான கெடக்கு? தினம் பாலம் தாண்டிச் சுமக்கணுமா என்ன? களவு போயிடக் கூடாதேன்னு பூட்டினேன்.”

“எத்தனை நாளா கெடக்கு?”

“மூணு வருஷம் இருக்கும்.”

அவள் கையிலிருந்து பேனா விழுந்தது. நான் பார்த்தேன்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆள் போய்விட்டுத் திரும்புவது ஒன்று. கம்பெனியின் சொந்தச் சரக்கு அங்கேயே தங்கிவிட்டால், கம்பெனியே அங்கே குடிபோன மாதிரியாம். அப்புறம் லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கேயும் வரி கட்ட வேண்டுமாம். எங்கள் ஏணி மூன்று வருஷமாக அக்கரையில் குடித்தனம் நடத்தியிருக்கிறது, யாருக்கும் சொல்லாமல்.

முதலாளி பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சத்தமில்லாம எடுத்துட்டு வந்துடலாம். ஏணி போய் சாட்சி சொல்லவா போகுது?”

“பூட்டு பில்லு சொல்லும், அத்தான். அவங்களா கண்டுபிடிச்சா அபராதத்துலயே கம்பெனிய மூடணும். நாமளே போய்ச் சொன்னா அபராதத்தத் தள்ளுபடி பண்ண சட்டத்துல வழி இருக்கு.”

“அதுக்காக ஒரே லாபத்துக்கு ரெண்டு பக்கமும் அழணுமா?”

“ஒரே சட்டைக்கு ரெண்டு தையக்காரனுக்கு முழுக்கூலி குடுப்போமா? கைய அங்க தைச்சா, கைக்கு மட்டும் அங்க கூலி. மிச்சம் இங்க. பங்கு போட்டுத்தான் கேப்பாங்க.”

அன்று சாயங்காலமே பெரிய ஃபிட்டர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். தப்பு என்னுடையது, என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டதாக அங்கே சொல்லிவிடுங்கள், கம்பெனி பிழைக்கட்டும் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தார். பத்தொன்பது வருஷ வேலை. முதலாளி அதைக் கையில் வாங்கவில்லை. இவள் வாங்கி, மேசை மேல் கல்லுக்கு அடியில் வைத்தாள். “பாக்கலாம்ணே” என்றாள்.

மூன்று வருஷச் சீட்டுகளைக் கம்பியோடு, பூட்டு பில்லையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனாள். எந்த நாள் யார் போனான், எந்தக் கிடங்குக்குப் போனான் என்று அக்கரை வரி அதிகாரி முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாளாம். திரும்பி வந்து, “பதில் தபால்ல வரும், பெரியப்பா” என்றாள்.

நாற்பத்தேழு நாள். அத்தனை நாளும் பெரிய ஃபிட்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிட்டார். ஒருவன்கூட இவளை டோல்கேட் என்று கூப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடிதம் வந்தது. ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்தாள்.

“அபராதம் இல்ல” என்றாள். “வரியும் வட்டியும் மட்டும், நாலு தவணையில. இனிமே ரெண்டு பக்கமும் கணக்குக் குடுக்கணும். ஏணி அங்க தங்கலாம், ஆனா எங்க தங்குச்சுன்னு நமக்குத் தெரியணும்.”

முதலாளி பக்கத்திலிருந்த பசை டின்னிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல், “டோல்கேட் தொறந்தாச்சு டோய்!” எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு பெரிய ஃபிட்டர் மெதுவாக மேசைக்கு வந்தார். “அப்ப, என் காகிதம்...”

இவள் எழுதிக்கொண்டிருந்த சீட்டை நீட்டினாள். ‘அக்கரை. மீன் கிடங்கு. ரெண்டு கதவு. ஏணி அங்கே தங்கினால் சொல்லணும்.’

அவர் படித்தார். ஏதோ தோன்றி மறுபக்கம் திருப்பினார். அங்கே அவருடைய கையெழுத்தே இருந்தது, அரைப்பக்கம்.

இவள் தலை தூக்கவில்லை. அடுத்தவன் சீட்டுக்குக் காகிதம் தேடிக்கொண்டிருந்தாள்.