மாடசாமி சட்டைப் பையில் இருந்த கேபிள் துண்டு

மாடசாமி போய்விட்டான்.

திருத்தங்கல் வயர்மேன் மாடசாமி... நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. என்னைவிட மூன்று வயது இளையவன். சாவிலும் நல்லதாகப் பார்த்து முதலில் எடுத்துக்கொண்டான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் அடிக்கிறாள். இதெல்லாம் போடணுமா மாமா என்று கேட்டாள். போடும்மா என்றேன்.

அவன் மேல் எனக்குப் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது... சிவகாசி முழுக்கத் தெரியும்.

ரெண்டு பேருக்கும் பிரஸ்களில் மெஷினுக்கு லைன் இழுக்கிற வேலைதான். ஆனால் அவன் ஐ.டி.ஐ. படித்தவன். கேபிள் முனையை நசுக்கிப் பிடிக்கவைக்கிற கிரிம்பிங் டூல் ஒன்று வாங்க மூன்று தடவை மதுரைக்குப் போனான். கையில் பிடித்துப் பார்ப்பான், மூடித் திறப்பான், சரியில்லை என்று பஸ் ஏறி வந்துவிடுவான்.

கிறுக்கன் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன். மூன்றாவது தடவை வாங்கிய டூல் கடைசி வரைக்கும் உழைத்தது. என்னுடையது ரெண்டே சீசனில் பல் தேய்ந்தது.

கேபிள் முனையில் மாட்டி நசுக்குகிற லக் இருக்கிறதே, அதில் சைஸ் நம்பர் பொடியாக அடித்திருக்கும். ரூபாய் நோட்டென்றால் கலரை வைத்துச் சொல்லிவிடுவேன். லக் எல்லாம் ஒரே கலர்.

அதனால் எனக்கு ஒரு வழி இருந்தது. தீக்குச்சி. லக் ஓட்டைக்குள் ஏழு குச்சி இறங்கினால் பெரிய மெஷின் கேபிளுக்கு. அஞ்சு குச்சி என்றால் அதற்கு அடுத்த சைஸ். கடையில் ஓரமாகத் திரும்பி, பீடி பற்றவைக்கிற மாதிரி நின்று எண்ணிக்கொள்வேன்.

பட்டாசு கம்பெனி வேலைகள் மட்டும் எனக்கு ஆகாது. லக்கை அவர்கள் ஸ்டோரில் இருந்துதான் பார்த்து எடுக்கணும், கேட்டிலேயே தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். தலை கிள்ளின குச்சி என்றாலும் வாட்ச்மேன் விடமாட்டான். தாயில்பட்டி பக்கம் வந்த ஆர்டர் எல்லாம் மாடசாமிக்கே போனது. எப்படி வயிறு எரியாமல் இருக்கும்...

ஆளுக்கு ஆள் பட்டன் செல்போன் வாங்க ஆரம்பித்த நேரம் அது. காலண்டர் சீசன். ஒரு பிரஸ்ஸில் புது மெஷினுக்கு லைன் நான்தான் இழுத்தேன். எனக்குப் பாதி வருஷம் சோறு போடுகிற பிரஸ்.

அன்றைக்கு என் பையில் இருந்தது சாத்தூரில் இருந்து மைத்துனன் கொண்டுவந்த மெழுகுத் தீப்பெட்டி. மரக்குச்சியைவிட மெழுகுக் குச்சி ஒல்லி. கைப்பழக்கத்தில் ஏழு எண்ணி லக்கை வாங்கி வந்துவிட்டேன்.

பிரஸ்ஸில் வந்து பார்த்தால் கேபிள் உள்ளே போகவில்லை. முதலாளி பக்கத்தில் நிற்கிறார். சைஸ் தப்பு என்று திரும்பக் கடைக்குப் போக மானம் இடம் தரவில்லை. ஓரத்து இழைகளை வெட்டிவிட்டு, மிச்சத்தைத் திணித்து நசுக்கினேன்.

நாலு நாள் ஓடியது. அஞ்சாவது நாள் லக் சூடேறிக் கருகி, மெஷின் நின்றுவிட்டது.

முதலாளி மாடசாமிக்கு ஆள் அனுப்பினார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவன் லக்கைக் கழற்றினான். வெட்டின இழை தெரிந்தது. அதை அவன் வாய் திறந்து சொன்னால் அதோடு சரி, சிவகாசியில் எவனும் என்னைப் பேனல் பக்கம் விடமாட்டான்.

குனிந்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மெழுகுக் குச்சியாண்ணே?"

நான் குச்சி வைத்து எண்ணுவதை எத்தனை வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தானோ...

முதலாளியிடம் திரும்பிச் சொன்னான். "லக்கு மட்டமான சரக்கு மொதலாளி, நம்பரே தப்பா அடிச்சிருக்கான். அண்ணன் மேல தப்பில்ல."

அடுத்த வாரம் எலக்ட்ரிகல் கடையில் நான் நிற்கிறேன். அவன் வந்தான். எப்போதும் சைஸை நம்பராகச் சொல்லித்தான் கேட்பான். அன்றைக்குச் சட்டைப் பையில் இருந்து ஒரு விரல் நீளக் கேபிள் துண்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். இதுக்குச் சேர்ற லக்கா குடுங்க அண்ணாச்சி என்றான்.

படிச்சதெல்லாம் மறந்துபோச்சாலே என்று கடைக்காரர் சிரித்தார்.

"நம்பர நம்பி ஒரு மெஷினு நின்னுபோச்சு. இனிமே கேபிளே பேசட்டும்."

ஒரு மாசத்துக்குள் அத்தனை வயர்மேன்களும் பையில் துண்டோடு வந்தார்கள். நானும்தான். பீடி பற்றவைக்கிற வேலை இல்லாமல் போனது.

அதற்கும் பேர் அவனுக்குத்தான். மாடசாமி எம்புட்டுக் கவனமான ஆளு என்று கடைக்காரர் என்னிடமே சொன்னார். தூக்கம் வரவில்லை எனக்கு.

அதைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

இன்று காலை போயிருந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். எனக்கு இதில் கால்வாசி வருமா...

அவனை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் பிளக் கருகி வாடை வந்தது. வயர்மேனக் கூப்பிடுங்க என்று ஒருத்தன் கத்தினான். கத்திவிட்டு அவனே பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

மாடசாமி சம்சாரம் என்னைப் பார்த்தது.

"அண்ணாச்சி, நீங்க பாருங்களேன். அவுக டூல் பெட்டி உள்ளதான் இருக்கு."

திறந்தேன். டப்பா டப்பாவாக லக். ஒரு டப்பாவில்கூட நம்பர் எழுதவில்லை. ஒவ்வொரு மூடியிலும் ஒரு கேபிள் துண்டைக் கட்டி வைத்திருந்தான்.

கருகின முனையை வெட்டிச் சீவி, துண்டோடு வைத்துப் பார்த்து லக் எடுத்தேன். அவன் டூலால் நசுக்கினேன். ஒரே அமுக்கு... என்ன டூல் அது. அதிலேயே இருந்த புது பிளக்கை மாட்டினதும் ஐஸ் பெட்டி ஓட ஆரம்பித்தது.

மாடா, உன்னை விட்டுட்டு என்னைக் கூப்பிட்டது இன்னைக்குத்தாம்லே.

போயிட்டு வா.