இருபதாவது அட்டை

தபால் கார்டில் பாதி அளவுள்ள அந்த அட்டை இரண்டு ஆண்டுகளாக என் அகராதிக்குள் இருக்கிறது. ‘ஆஸ்பத்திரி ஆயா’ என்று கறுப்பு மையில், என் கையெழுத்தில் எழுதப்பட்டது. அதைப்போல மொத்தம் இருபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலின் பெயர்.

1991 கோடை விடுமுறையில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளராக இருந்தேன். எந்தத் தொழிலை மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள், ஏன் மதிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. இலக்கிய மாணவியான என்னை அவர் சேர்த்துக்கொண்டது கையெழுத்துக்காக. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று அட்டைகளைக் கொடுப்போம். மரியாதை மிகுந்த தொழிலை முதலில் வைத்து அவர்கள் அடுக்குவார்கள். அந்த வரிசையை நான் படிவத்தில் எழுதுவேன். அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. அதை ஒருமுறைகூட மீறாதவள் என்ற பெருமை எனக்கு இருந்தது.

அப்போது அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயா. வீடு திரும்பும்போது அவர் சேலையில் பினாயில் வாசம் இருக்கும். ஒருநாள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாடி, எதிர்வூட்டுக்காரிகிட்ட இருவது சீட்டு குடுத்தியாமே? ஆயா சீட்டுகூட கீதுன்றா. எனக்கும் கொண்டா. தெனம் டாக்டருங்கள பாத்துக்கினு கீறவ நானு. யாரு பெரிய ஆளுன்னு எனக்கா தெரியாது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாற்றி வாங்கியிருந்தார்.

ஆய்வின் கடைசி நாளான அந்த ஞாயிறன்று பேராசிரியரை பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்துவந்தேன். வழியில் அத்தையின் வேலையைக் கேட்டார். “நர்ஸ்” என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதவே விருப்பம், யோசித்துத்தான் சொன்னேன். வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றிய நேரத்தில் ஆயா அட்டையை உருவி நோட்டுக்குள் வைத்தேன்.

அத்தை பாயில் அமர்ந்து அட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது. மறுபடியும் எண்ணினார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்து, அவசரமில்லாமல் அடுக்கத் தொடங்கினார். டாக்டர் முதலில், நர்ஸ் இரண்டாவது. ஐந்தாவதாக வாத்தியாரை வைத்தவர், ஓர் அட்டையின் அகலத்துக்குச் சரியாக இடம் விட்டுக் கிராம நிர்வாக அதிகாரியை வைத்தார். மற்றவை இடைவெளியின்றி நெருங்கி அமர்ந்தன. அட்டைகளை எண்ணாத பேராசிரியர், கலைந்த வரிசையை ஒழுங்குபடுத்துபவரைப் போல அந்த இடைவெளியை விரலால் மூடினார்.

“எத்தனை வருஷமா நர்ஸா இருக்கீங்கம்மா?”

அத்தை என்னைப் பார்க்கவில்லை. “பன்னெண்டு வருசமா பிரசவ வார்டுலதான் கீறேன் சார்.”

அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் என் பொய்யை அது காப்பாற்றியது.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து படிவத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வரிகள் நிரம்பியிருந்தன. கடைசி வரி காலி. ஆயாவை அதற்குரிய ஆறாவது வரியில் எழுத வேண்டுமானால் பதினான்கு வரிகளை அடிக்க வேண்டும். காலியாக இருந்த வரியிலேயே எழுதினேன். படிவம் சுத்தமாக இருந்தது.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது, “என் சீட்டு பத்திரமா கீதா கண்ணு?” என்று மட்டும் கேட்டார் அத்தை. தலையசைத்தேன். அதன்பின் அவர் கேட்டதே இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு சொற்பொழிவில், தனக்குக் கீழே ஒன்றைத் தள்ளிவைத்தே ஒரு தொழில் தன்னை உயர்த்திக்கொள்கிறது என்றார் பேராசிரியர். “கூடவே வேலை செய்யும் நர்ஸே ஆயாவைக் கடைசியில் வைத்திருக்கிறார், பாருங்கள்.” அரங்கம் தலையசைத்தது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அழகான கையெழுத்தில்.

இப்போது அந்த ஆய்வு புத்தகமாகிறது. பிழை பார்ப்பதில் கவனமானவள் என்று அச்சுப்படியை என்னிடமே கொடுத்திருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. இரண்டு நாள்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை அந்த வாக்கியத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். ஓரத்தில், ‘இவர் நர்ஸ் அல்லர், ஆயா, என் அத்தை. தம் தொழிலுக்கு ஆறாவது இடத்தை விட்டுவைத்தார். அட்டையை ஒளித்ததும் கடைசியில் எழுதியதும் நான்’ என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அகராதியிலிருந்து அட்டையை எடுத்து அந்தப் பக்கத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன்.