கொல்லிமலையில் கேட்ட பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், சகுனம், கனவில் வந்து சொன்னது, இந்த மாதிரி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஜொகூரில் முப்பது வருஷம் நாசி லெமாக் கடை நடத்தியவள் நான். தினமும் விடியுமுன்னே எழுந்து தன்னந்தனியாகத் தேங்காய்ப்பால் பிழிந்து சோறு ஆக்கியிருக்கிறேன், ஒரு பேயும் வந்து கூடமாட ஒத்தாசை செய்ததில்லை. அதனால் இதைக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் தம்பி முகமும் அப்படித்தான் போனது, இத்தனைக்கும் அவன் அங்கேயேதான் இருந்தான்.

நான் பிறந்தது மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். கட்டிக்கொடுத்தது மலேசியாவில், ஜொகூரில். பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக மாறிவிட்டது. ஆக, கொல்லிமலையில் ஒரு வீடு வாங்குவது என்பது எனக்கு இப்போது வெளிநாட்டில் வீடு வாங்குவது. பிறந்த ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலை, அதற்கு நான் வெளிநாட்டுக்காரி. சிரிப்புத்தான் வருகிறது.

ஆசை என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரருடையது. ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமான மாசம் பஸ்ஸில் மேலே கூட்டிக்கொண்டு போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, பாவம், பாதி வளைவுக்கு மேல் ஜன்னலுக்கு வெளியேதான் தலை. புது மாப்பிள்ளையை இப்படிக் கொண்டு வந்து சேர்த்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. செம்மேட்டில் இறங்கி முகம் கழுவியவர், பலாச்சுளை விற்றவளிடம் வாங்கி நின்றபடியே பதினைந்து சுளை தின்றார். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கடைசியில இங்கதான் வந்து இருக்கணும்லா," என்றார். அந்த முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கப்புறம் முப்பது வருஷமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு அந்த வீட்டுப் பேச்சுதான். ஜொகூர் வீட்டு வாசலில் ஒரு கெனாங்கா மரம் நிற்கிறது. அந்தப் பக்கத்து மரம், பச்சையும் மஞ்சளுமாக நீள இதழ் தொங்கும், சாயங்காலமானால் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதன் அடியில் இரண்டு நாற்காலி. வெளிநாட்டில் வீடு வாங்குகிறவன் பத்து தடவை பார்க்கணும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதிக்கொண்டே இருப்பார். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா. மழையில் வண்டி வாசல் வரைக்கும் வருமா. நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம். நாம் இல்லாதபோது சாவி யாரிடம். பத்திரம் யார் பேரில். நெஞ்சு வலி என்று எழுதியவர் அந்த நெஞ்சு வலியிலேயேதான் போனார், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும். மூன்று வருஷமாகிறது.

போன தை மாசம் ஊருக்கு வந்திருந்தேன். தம்பி செல்வராசு வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தான். யாரோ வாத்தியார் கட்டிய ஓட்டு வீடு, பின்னால் கொஞ்சம் மிளகுக்கொடி, இரண்டு பலா. ஜீப்பில் போய் இறங்கியதும் அவருடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணீர் சரி. பாதை சரி. சாவியைப் பக்கத்துக் காட்டுச் சின்னப்பொண்ணு வைத்திருந்தாள், மலைக்காரப் பொம்பளை, என் வயசுதான் இருக்கும். அவளைப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. பத்திரத்தில்தான் வந்து நின்றது. தோட்டத்தோடு இருக்கிற வீட்டை வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரி வாங்க முடியாதாம்.

"அதுக்கென்னங்க்கா, எம்பட பேருல எழுதிக்கலாம். நானென்ன ஊட்டத் தலைல தூக்கி வெச்சுட்டா ஓடிப்போறேன்?" என்றான் தம்பி.

நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்கள் என்ன சொல்வார்களோ. வீட்டையும் விட்டு, கூடப் பிறந்தவனையும் விட்டு நிற்கக் கூடாதே என்று எனக்குப் பயம். இன்னொன்று, ஜொகூர் வீட்டைக் கொடுத்தால்தான் இதை வாங்க முடியும். மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள், ஜொகூரில் நான் ஒற்றை ஆள், அந்த வீட்டை விட்டால் திரும்பிப் போக எனக்கு இடம் கிடையாது.

நான் வாசற்படியில் குழம்பிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சின்னப்பொண்ணு சொன்னாள், "ஏனுங்க, எதுக்கு இத்தன ரோசன? அம்மங்கிட்ட ஒரு பூக் கேட்டுப் போடுங்க."

பூக் கேட்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், கேள்வியை மனசில் நினைத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். எது எதுவென்று தெரியாத ஒருவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, சொன்னேனே. ஆனால் யாராவது எனக்காக முடிவு செய்தால் தேவலை என்று இருந்தது.

கோயில் என்றால் வீட்டுக்கு மேற்கே ஒரு பலாமரத்தடி, மூன்று கல். மத்தியானம்தான், ஆனாலும் மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, என் கையாலேயே பறித்து வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டினேன். சோற்றுப் பொட்டலம் மடித்துப் பழகிய கடைக்காரி கை, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்தது. சின்னப்பொண்ணு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தம்பி ஜீப்பில் சாய்ந்து போனுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

"ஆமா இல்லைனு சாமி சொல்றாப்புல கேளுங்க, வேறெதும் நெனைக்காதீங்க," என்றாள்.

பொட்டலங்களைக் கல் முன்னால் வைத்து மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். சின்னப்பொண்ணு கும்பிட்டுவிட்டு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். நாரைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. அவசரமாக இழுத்துப் பிரித்தேன்.

உள்ளே இருந்தது கெனாங்கா. நம்பினால் நம்புங்கள். நீள இதழ், ஓரத்தில் பச்சை மாறாத மஞ்சள், காம்பு நுனியில் இப்போதுதான் கிள்ளிய ஈரம்.

சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "இதென்ன பூவுங்க? நீங்க அரளியல்ல கட்டுனீங்க?" என்றவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

அவள் குரல் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். வாங்கிப் பார்த்துவிட்டு, "மனோரஞ்சிதமுங்க்கா. மலைல கெடக்கறதுதான். மஞ்சுல மாத்திப் பறிச்சிருப்பீங்க," என்றான். மனோரஞ்சிதம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் கெனாங்காவைக் கூட்டி அள்ளியவள் நான். சரி, அவன் சொல்வதுபோலவே இருக்கட்டும் என்று இரண்டாவது பொட்டலத்தை நானே எடுத்துப் பிரித்தேன்.

அதில் வெள்ளரளியும் செவ்வரளியும் இரண்டும் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, கச்சிதமாக மடித்து வைத்த மாதிரி.

தம்பி போய் ஜீப்பைக் கிளப்பினான். எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி, "பத்திரம் இப்ப வேண்டாமுங்க்கா," என்றதோடு சரி. இன்றுவரைக்கும் அவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் ஜொகூருக்கே திரும்பி வந்துவிட்டேன். வாத்தியார் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறதாம், சின்னப்பொண்ணு போனில் சொன்னாள். இங்கே மரம் பூக்கிறது, உதிர்கிறது, நாற்காலி இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் நான் தம்பியிடமும் சொல்லவில்லை, சின்னப்பொண்ணிடமும் சொல்லவில்லை. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்கச் சொன்னாள் இல்லையா? முதல் இரண்டு சுற்றும் வீடு வாங்கலாமா என்றுதான் நினைத்தேன். மூன்றாவது சுற்றில் அவர் பலாச்சுளை தின்றுகொண்டு நின்ற முகம் ஞாபகம் வந்துவிட்டது. கேள்வி என்னை அறியாமலேயே மாறிப்போயிற்று.

"ஏங்க, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்டேன்.

பூவைக் காயவைத்து அந்தக் காலண்டர் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். இந்த வாசலில்தான் இருக்கிறேன் என்று சொன்னாரா, இல்லை, இங்கேயிருந்து ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு எனக்கு முன்னாலேயே மலைக்குப் போய்விட்டாரா? சாயங்காலம் வாசலில் உட்காரும்போது பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன். அதைப் பார்த்துப் பேசுவதா, வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.