மீன் பெட்டியில் வானுக்குப் போன தாளாளர்

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். முதலாம் ஆண்டுக்கு மட்டும்தான் இயற்பியல் உண்டு. அவர்களும் அது எப்போது முடியும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எனக்கு ஓய்வு நேரம் நிறைய. வானிலைக்காரர்கள் விடுவது போன்ற பெரிய ரப்பர் பலூனில் கருவிகளையும் ஒரு கேமராவையும் கட்டி, மேகங்களுக்கெல்லாம் மேலே அனுப்பி, அங்கே குளிர் எப்படி, காற்றழுத்தம் எப்படி என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஆவூர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைப் போலவே யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர். இருவரும் சேர்ந்து தாளாளரைப் பார்க்கப் போனோம்.

தாளாளர் என்றால் கல்லூரியின் சொந்தக்காரர். கழிப்பறையைத் தவிர வளாகத்தின் எல்லாச் சுவர்களிலும் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். நாங்கள் சொன்னதைக் கேட்டு உடனே சம்மதித்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு மேடம். அந்த பலூன்ல என் படத்த அச்சடிச்சுருங்க.”

“மேல போகப் போக காத்தழுத்தம் கொறையும் சார். பலூன் விரிஞ்சுக்கிட்டே போகும்.”

“அப்ப என் படமும் பெருசாகும்ல?”

“ஆகும் சார். இங்க ஆள் ஒசரம் இருக்குற பலூன், அங்க ஒரு வீட்டளவு ஆயிரும்.”

“நல்லதுதான?”

“அப்புறம் வெடிச்சுரும் சார்.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. வெடிப்பது தவறல்ல, அப்படி வெடிப்பதற்காகவே விடுகிறோம், வெடித்த பிறகு கருவிப் பெட்டி பாராசூட்டில் இறங்கி வரும் என்று ஆவூர்க்காரர் விளக்கினார். தாளாளர் யோசித்துவிட்டு, படம் பெட்டியில் இருக்கட்டும் என்றார்.

பெட்டி எது என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. இலேசாக இருக்க வேண்டும், குளிரையும் தாங்க வேண்டும். அதற்குத் தெர்மோகோலை விட்டால் வேறு வழியில்லை. நல்ல தடிமனான தெர்மோகோல் கிடைத்தது மீன்காரரிடம்தான். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு இறால் வந்த பெட்டி. சோப்புப் போட்டுக் கழுவினோம், எலுமிச்சை தேய்த்தோம், வெயிலில் காய வைத்தோம். இறால் போகவில்லை. அதன்மேல் தாளாளரின் படத்தை ஒட்டினோம்.

அடுத்தது குளிர்ச் சோதனை. மேலே போனால் பேட்டரி விறைத்துச் செத்துவிடக் கூடாது. கேண்டீனில் இருந்த ஐஸ்கிரீம் பெட்டியைக் கடன் கேட்டு, திருச்சியிலிருந்து டிரை ஐஸ் என்கிற உலர்பனி வாங்கி வந்து, அதற்குள் பெட்டியை வைத்துக் காவல் காத்தோம். கேண்டீன்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“முதலாளி படத்த ஏங்க ஃபிரீசர்ல வச்சிருக்கீங்க?”

“டெஸ்ட் பண்றோம்.”

“அவருக்குத் தெரியுமாங்க?” என்றார் குரலைத் தாழ்த்தி.

பாராசூட்டின் நிறத்துக்கு ஒரு கூட்டமே நடந்தது. தூரத்திலிருந்து கண்ணுக்குப் படுகிற நிறமாக இருந்தால்தான் விழுந்த இடத்தில் தேடி எடுக்க முடியும் என்றேன். சிவப்பு என்றேன், அது ஒரு கட்சி நிறம் என்றார்கள். ஆரஞ்சு இன்னொரு கட்சி. மஞ்சளும் நீலமும் வேண்டவே வேண்டாம் என்றார் கல்லூரி முதல்வர். தாளாளருக்கு எல்லாக் கட்சியிலும் ஆள் உண்டு. யார் மனமும் நோகக் கூடாது. கடைசியில் வெள்ளை வேட்டித் துணி மாதிரி ஒரு நைலான் துணியில் பாராசூட் தைக்கச் சொன்னார்கள்.

பலூன் விடுகிற நாளும் வந்தது. விமானப் போக்குவரத்துக்காரர்களிடம் அனுமதி வாங்கியிருந்தோம். காலையில் காற்று அடங்கியிருக்கும்போதே விட்டாக வேண்டும். விளையாட்டுத் திடலில் ஹைட்ரஜன் நிரப்பி, ஆளுக்கொரு பக்கம் கையுறை போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாளாளர் வரவில்லை. நல்ல நேரம் இன்னும் பிறக்கவில்லையாம். வெயில் ஏறியது, காற்றும் கிளம்பியது. பலூன் இங்கிட்டும் அங்கிட்டும் எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தது. ஆவூர்க்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருவழியாகத் தாளாளர் வந்து இறங்கினார். கூடவே பத்திரிகைக்காரர் ஒருவர், மேளம், சால்வைகள். அலுவலக மேலாளர் தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றிக்கொண்டு நேரே பலூனை நோக்கி வந்தார். நான் கையிலிருந்த கயிற்றை ஆவூர்க்காரரிடம் திணித்துவிட்டு ஓடினேன்.

“அணைங்க, அணைங்க! உள்ள இருக்குறது ஹைட்ரஜன்!”

“சாமிக்கு ஒரு சுத்து காட்டிர்றேன் மேடம்.”

“காட்டுனீங்கன்னா பலூனுக்கு முன்னாடி நாமதான் மேல போவோம்!”

மேலாளர் அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சூடம் சைக்கிள் ஸ்டாண்டில் காட்டப்பட்டது. தாளாளர் கயிற்றை விட்டார். பலூன் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே போயிற்று. மேளச் சத்தம், கைதட்டல், விசில். பெட்டியிலிருந்து அவருடைய சிரிப்பு சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. உண்மையைச் சொன்னால் என் கண் கலங்கிவிட்டது. அதுவரை கம்ப்யூட்டரில் மட்டுமே பறந்துகொண்டிருந்த பலூன் அது.

முற்பகலில் பெட்டி இறங்கிவிட்டதாக ஜி.பி.எஸ். சொன்னது. இடம் கந்தர்வக்கோட்டையைத் தாண்டி ஒரு முந்திரித் தோப்பு. காலேஜ் வேனில் நானும் ஆவூர்க்காரரும் கிளம்பினோம். விண்ணிலிருந்து வந்த பெட்டியைக் கையில் வாங்கும் காட்சி பத்திரிகையில் வர வேண்டும் என்று தாளாளரும் பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு தன் காரில் பின்னாலேயே வந்தார்.

தோப்புக்குள் நுழைந்ததும் கூட்டம் தெரிந்தது. முந்திரி பொறுக்க வந்த பெண்கள். நடுவில், ஒரு மரத்தடியில் எங்கள் பெட்டி. கிளைகளில் உரசியதில் கல்லூரிப் பெயர் கிழிந்துபோயிருந்தது. முகம் மட்டும் மிச்சம். வெள்ளைப் பாராசூட்டை மடித்துப் பெட்டிமேல் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். படத்துக்குச் செவ்வரளி மாலை. முன்னால் வாழை இலையில் அரிசி, ஊதுபத்தி. ஒரு மூதாட்டி உட்கார்ந்து முறையாக அழுதுகொண்டிருந்தார்.

ஒரு பெண் எழுந்து வந்து, “நீங்க சொந்தக்காரவங்களா?” என்று கேட்டார்.

“இல்ல... அவருகிட்ட வேலை பாக்குறோம்.”

“யாரு பெத்த புள்ளையோ தெரியலங்க. அஸ்திப் பெட்டிய ஏரோப்ளேன்லேருந்து போட்டிருக்காக போலன்னு நெனச்சோம். வெளிநாட்டுல செத்திருப்பாரு. சும்மா போட்டுட்டுப் போக மனசு வரலங்க.” பிறகு சற்றே மூக்கைச் சுளித்து, “லேசா வாடை வேற வந்துச்சு” என்றார்.

அப்போது கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாளாளர் பட்டுச் சட்டையில் மரங்களுக்கு நடுவே நடந்து வந்தார். அழுதுகொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். “ஆத்தாடி!” என்று அவர் போட்ட சத்தத்தில் பாதிக் கூட்டம் தோப்பை விட்டே ஓடியது.

தாளாளருக்கு நிலைமை புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியிருப்பதை எந்த மனிதனும் நிதானமாகப் பார்க்க முடியாதுதான். பத்திரிகைக்காரர் அதற்குள் படம் எடுத்துவிட்டார். ஓடாமல் நின்ற பெண்தான் அருகில் வந்து ஆறுதல் சொன்னார்.

“மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. உசுரோட இருக்கைல மாலை விழுந்தா ஆயுசு கெட்டிங்க.”

“சரிம்மா... எல்லாரும் அழுதாகளா?” என்று கேட்டார் தாளாளர்.

“நல்லாவே அழுதோம்ணே.”

அதில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கையோடு கொண்டுவந்த சால்வையை அந்த மூதாட்டிக்குப் போர்த்திவிட்டார்.

நாங்கள் திரும்புவதற்குள் மாலை போட்ட அந்தப் படம் செல்போன் வழியே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் மாணவர்கள் பைகளோடு நின்றார்கள். முதல்வர் மைக் முன்னால் இருந்தார். “ஈடு செய்ய முடியாத” என்பதுவரை வந்துவிட்டார். காரிலிருந்து தாளாளர் இறங்கியதும் முதல்வர் மைக்கை அணைக்கவும் மறந்து, “வாங்க சார், நல்லாருக்கீங்களா?” என்றார். லீவு போய்விட்டது என்று தெரிந்த மாணவர்களின் வருத்தம் மட்டும் அன்று கலப்படமில்லாதது.

கருவிகள் சொன்னதைப் பத்திரிகை எழுதவில்லை, கல்லூரியில் யாரும் கேட்கவும் இல்லை. நானும் ஆவூர்க்காரரும் ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தோம். குளிர் கூடிக்கொண்டே போய், ஓர் உயரத்தில் நின்று, அதற்குமேல் மெல்லக் குறையத் தொடங்கியிருந்தது. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியேதான். வருடக்கணக்காகக் கரும்பலகையில் நான் வரைந்த கோடு அது. முதன்முறையாக அதை நம்பினேன்.

மறுநாள் தாளாளர் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, கேமராவில் பதிவானதைப் போடச் சொன்னார். மேலே கறுப்பு, கீழே வளைந்த நீலம், மேகங்களுக்கு நடுவே சில்லறை சில்லறையாகக் கண்மாய்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“நம்ம காலேஜ் எங்கிட்டு இருக்கு?”

ஆவூர்க்காரர் உத்தேசமாக ஒரு பக்கம் விரலை வைத்தார்.

“ஒண்ணும் தெரியலையே.”

“அவ்வளவு ஒசரத்துலேருந்து தெரியாதுங்க சார்.”

பெரிய மனிதர் ஒருவர் தான் எவ்வளவு சிறியவர் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்றே நான் நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, “மொட்ட மாடி பூரா பெயிண்ட் அடிச்சு காலேஜ் பேர எழுதுனா தெரியுமா?” என்றார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் ஆவூர்க்காரர் என் காலை மிதித்தார்.

“விட்டுப் பாத்தாத்தான் சார் சொல்ல முடியும்” என்றார் அவர்.

இரண்டாவது பலூனுக்கு எங்களுக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான்.