கிணற்றுக்குள் அவர், என் இடுப்பில் அவர் போன்

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். பயந்தவள் ஒருத்தி வீட்டில் இருந்தால்தான் பயப்படாதவர் உருப்படியாக இருப்பார் என்பது என் கட்சி.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கடையில் ஒரே நாளில்தான் இரண்டு பேரும் போன் வாங்கினோம். நான் இருப்பதிலேயே சின்னதாகக் கேட்டேன். நாற்று நடுகிறவளுக்கும் களை எடுக்கிறவளுக்கும் போன் வைக்க ஒரே இடம்தான், ஜாக்கெட். குனிந்தால் விழக்கூடாது, சேற்றில் நனையக்கூடாது, பார்க்கிறவர்கள் கண்ணை உறுத்தவும் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்கள் கடையில் போனைக் கையில் வாங்கியதும் கேமராவையா பார்க்கிறார்கள்? அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். இதையெல்லாம் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "சின்னதா குடுங்க, போதும்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

என் வீட்டுக்காரருக்குப் பெரியதுதான் வேண்டும். கிட்டப் பார்வை மங்கிவிட்டது, கண்ணாடி போட வீம்பு. "சின்னதுல எய்த்தெல்லாம் எறும்பு மாதிரி கீது" என்று சொல்லி, பலகை மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டார். அது சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். லுங்கி மடிப்பில் செருகினால் நழுவும். குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் அதை என்னிடம் கொடுத்துவிடுவார். ஆக, அவர் போனையும் சுமப்பவள் நான்தான்.

எங்கள் கிணற்று மோட்டாருக்குப் போன் மூலம் ஓடுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் தண்ணீர் பாய்ச்ச முடியும் என்பதால், இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இதை வைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு சிம்மும் சின்ன பேட்டரியும் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கூப்பிட்டாலும் பெட்டி அதை மனசில் வைத்துக்கொள்ளும், கரண்ட் வந்ததும் தானே ஓட்டிவிடும். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற எங்கள் மகள், அவள் அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற சிரமம் வேண்டாம் என்று, அந்த எண்ணை மோட்டார் படம் போட்டு அவர் போனின் முதல் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தாள். தொட்டால் போதும், போய்விடும். வசதிதான். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே பயம், தெரியாமல் விரல் பட்டாலும் போய்விடுமே.

போன கோடையில் ஒரு நாள் மோட்டார் ஓடவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் ஒயரில், தண்ணீருக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் இருந்த ஜாயின்ட்டை அணில் கடித்திருந்தது. இவர் கத்தியும் டேப்பும் எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரானார். மோட்டார் கொட்டகை வயலின் அந்தக் கோடியில், கம்பத்தடியில் இருக்கிறது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சாவி இவருடைய அரைஞாண் கயிற்றில்.

"ஃபியூஸப் புடுங்கிட்டு எறங்குய்யா" என்றேன்.

"கரண்ட்டு மத்தியானம் மேலதான் வரும். அதுக்குள்ள எத்தினி ஜாயின்ட்டு வேணாலும் போடலாம்."

எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. கரண்ட் வருகிற முறையை நம்பிக் கிணற்றில் இறங்கிவிடுவார்கள். ஃபியூஸ் பிடுங்கப் போகிறவனை, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடக்கிறவன் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலுக்குப் பயப்படுகிற ஆம்பளை கரண்டுக்குப் பயப்பட மாட்டான்.

போனில் டார்ச் அடித்துக் கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு போனை அப்படியே என்னிடம் நீட்டிவிட்டுப் படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார். என் போன் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இவருடையது எங்கே போகும்? இடுப்புக் கொசுவத்தில் செருகிக்கொண்டேன். பாதி உள்ளே, பாதி வெளியே.

இவர் கீழே திட்டில் நின்றுகொண்டு ஒயரின் மேல்தோலைச் சீவினார். செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. "டேப்ப மேலயே வுட்டுட்டேன், எறக்குமே" என்றார். சேறு படிந்த கயிற்றில் கட்டிக் குனிந்து இறக்கினேன். நிமிரும்போது இடுப்பில் போன் உறுத்தியது. உருவி எடுத்துப் பார்த்தேன். திரையில் மோட்டார் படம். அழைப்பு முடிந்துவிட்டது என்று காட்டிவிட்டு, என் கண் முன்னாலேயே திரை அணைந்தது.

ஒரு தடவை போனதா, இரண்டு தடவை போனதா? ஒரு தடவை என்றால் பெட்டி கரண்டுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது. இரண்டு என்றால் ஒன்றுமில்லை. நிறுத்துவதற்கு நான் இப்போது ஒரு கால் கொடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே இரண்டு போயிருந்தால், என் கையாலேயே ஓட்டிவிட்டதாக ஆகிவிடும். எண்ணிப் பார்க்கலாம் என்றால் என் கையெல்லாம் ஈர மண், திரை திறக்கவில்லை. ஜாக்கெட்டில் இருந்த என் சின்னப் போனால் என்ன பிரயோசனம்? அதுவும் கால்தானே கொடுக்கும்! கொட்டகைக்கு ஓடினால் பூட்டு. சாவியோ கிணற்றுக்குள்.

"கம்பிய வுடுய்யா!" என்று கத்தினேன்.

"வுட்டுட்டு எப்டிமே முறுக்கறது?"

"மோட்டாருக்குப் போன் பூட்ச்சிய்யா! மேல வா!"

"கரண்ட்டே இல்லாத மோட்டாருக்குப் போன் போனா இன்னா, லாரி போனா இன்னா? சும்மா பேஜார் பண்ணாத. முடிஞ்சிடுச்சி."

என் குரல் அவருக்குப் பழகிப்போன குரல். பாம்பு என்பேன், இடி என்பேன், ஆற்றில் தண்ணீர் வருகிறது என்பேன். இத்தனை வருஷமாகப் பயந்து பயந்து, நிஜமாகப் பயப்படுகிற அன்றைக்குச் சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒரு குரல் இல்லை. அவர் குனிந்து மறுபடியும் கம்பியைப் பிடித்தார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நான் தாலி அறுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படியேதான் நினைத்தேன்.

என்ன தோன்றியதோ, அந்தப் பெரிய போனைக் கிணற்றுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன்.

"இப்ப நீ மேல வரல, இத உள்ள போட்ருவேன்."

நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "ஏமே! பைத்தியம் புடிச்சிடுச்சா? போடாதமே!" ஒயரைச் சுவரில் இருந்த முளையில் மாட்டிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசவு. எனக்கு அது கோயில் அர்ச்சனை மாதிரி இருந்தது. திட்டட்டும், ஏறினால் சரி.

மேல்கல்லில் கால் வைத்துப் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அப்போது பக்கத்து வயலில் மோட்டார் உறுமியது. கரண்ட் முறை அன்றைக்கு மாறியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கொட்டகைக்குள் டக்கென்று ஸ்டார்ட்டர் விழும் சத்தம் கேட்டது. கிணற்றுக்குள் முளையில் தொங்கிய கம்பி முனையில் நீலமாக ஒரு பொறி பறந்தது.

இவர் போனை வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர்தான் முதலில் எழுந்து போய், கொட்டகையைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கி வந்தார். ஜாயின்ட் மறுநாள்தான் போட்டார்.

அன்று சாயங்காலமே மகள் வீடியோவில் கூப்பிட்டாள். என்ன சாப்பிட்டீர்கள், மாடு கன்று போட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"நைனா, போன நேரா புடி. மூஞ்சே தெரியல. இன்னாத்துக்கு உன் கை இப்டி ஆடுது?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

"பெரிய போன்மா இது" என்றார். "கனமா கீது."